சேரன்மகாதேவி வரைக்கும்

எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு ராஜா இருந்தாராம். சைவப் பிள்ளைமார் வீட்டு டீச்சர் ஒருத்தியை உயிருக்குயிராகக் காதலித்தாராம். காதல் ஒரு பக்கம், குடும்ப மானம் ஒரு பக்கம் என்று கிடந்து தவித்து, கடைசியில் பெற்ற தாய்க்காகக் காதலையே தியாகம் செய்தாராம். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி இதை என்னிடமே சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. ரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டே 'அப்படியா' என்று கேட்டு வைத்தேன்.

அந்த ராஜாவுக்கு இத்தனை வருஷமாகச் சோறு வடித்துப் போடுகிறவள் நான்தான். கதையில் எனக்கு அவ்வளவாக இடம் கிடையாது. 'வீட்டில் பார்த்து வைத்த பெண்' என்று ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுவேன். முன்பெல்லாம் கேட்டால் கோபம் வரும். இப்போது அசதிதான் வருகிறது. இன்னும் எத்தனை பந்தியில்தான் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவது என்று தோன்றியதால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ராதாபுரத்துக்குத் தெற்கே, பனங்காட்டில். காற்றுக்கும் செம்மணலுக்கும் அங்கே பஞ்சமில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஓர் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊரைத் தாண்டிப் போய், குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, ஊற ஊறக் கோரி எடுத்து வர வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து என் இடுப்பில் ஒரு குடம் இருந்தது. பிளஸ் டூ முடித்து வள்ளியூருக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தபோதும் காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். அரண்மனையிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தபோது, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று அம்மா கேட்கவில்லை. ஆறு வீட்டுக்குப் பக்கத்திலா என்று கேட்டாள். கொல்லைப் படி இறங்கினால் ஆறுதான் என்றார் வந்தவர். அம்மாவைப் பொறுத்தவரை என் கல்யாணம் அந்த நிமிஷமே முடிந்துவிட்டது.

அரண்மனை, ராஜா என்றெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஜமீன் ஒழிந்து அப்போதே ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருந்த அந்த வீட்டின் முன்கட்டை ஒரு நெல் வியாபாரிக்குக் குடோனாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுக்கட்டில் மழை ஒழுகும் இடங்களில் எல்லாம் அண்டா வைத்திருக்கும். குடியிருப்பு பின்கட்டில். பெரிய ராஜா காலமாகிவிட்டதால் ராஜா பட்டம் அவருடைய ஒரே மகனுக்கு வந்திருந்தது. அந்த மகன் அம்பாசமுத்திரம் பஜாரில் உரக்கடை வைத்திருந்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவரிடம் வயற்காட்டு ஆட்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'ராசா, ஒரு மூடை குடுங்க' என்று கேட்டு வாங்கிப் போவார்கள். நாங்கள் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலோ பெண் கொடுத்த, படி தாழ்ந்த உறவு.

படி தாழ்ந்த உறவில் பெண் எடுக்கும்போது ராஜா நேரில் வரமாட்டார். தன் வாளை அனுப்புவார். பெண் வீட்டில் மணையில் வாளை வைத்து, பக்கத்தில் பெண்ணை உட்கார வைத்து, ராஜாவின் சகோதரி தாலி கட்டுவாள். அது அந்த வம்சத்துப் பழைய முறை. என் அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மா, இந்தக் கல்யாணத்தை அந்த முறைப்படிதான் நடத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உன் வாசலை மிதிக்கிற அளவுக்கு நீ ஆளில்லை என்று சொல்லுகிற முறை அது. அதை என் அப்பா பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்து வழக்கத்தை நமக்காகத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் கல்யாணம். பட்டுத் துணி விரித்த மணையில் மாலை போட்டு வாளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வள்ளியூரிலிருந்து வந்த போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் 'மாப்பிள்ளையைக் கொஞ்சம் பொண்ணு பக்கம் திருப்புங்க' என்று சொல்லிவிட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். சிரிக்காதவள் என் மதினி ஒருத்திதான், அவருடைய அக்கா. மூன்று முடிச்சையும் அவளே போட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் விரல் என் கழுத்தில் சில்லென்று பட்டது. அந்த ஆல்பம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் நானும் வாளும்.

மறுவீட்டுக்குப் போகும் வேனில் வாளைச் சிவப்புப் பட்டில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். கீழே வைக்கக்கூடாதாம். நல்ல கனம். பிடியிலிருந்த பித்தளை வளையம் தொடையில் அழுத்திக்கொண்டே வந்தது. களக்காடு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வயலும் வாழையும் கால்வாயுமாகப் பச்சை வந்துவிட்டது. பனங்காட்டுக் கண்ணுக்கு அது ஏதோ வெளிதேசம் மாதிரி இருந்தது. வலியை மறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அரண்மனை வாசலில் எனக்கும் வாளுக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை. உர லோடு விஷயமாக வெளியூர் போயிருக்கிறான் என்றாள் அத்தை. கல்யாணத்தன்றைக்கு என்ன லோடு என்று நான் கேட்கவில்லை. புது இடம், கேட்கிற வாய் இன்னும் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து வந்தார். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். உயரமான ஆள், ஆனால் நிற்பதில் ஓர் ஒடுக்கம். கை நிறைய உர வாடை. எனக்கு அத்தான் முறை. எழுந்து நின்றேன்.

"நான் அந்தத் தாலியக் கட்டல. நான் அங்கன வரவே இல்ல. உனக்குத் தெரியணும்லா" என்றார்.

அந்தப் பழைய முறைக்காகத்தான் அவர் வரவில்லை என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து ஒரு பெண்ணோடு பழக்கம். அவள் இப்போது திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவளைக் கட்டினால் கோயில் மரியாதை போய்விடும் என்று அம்மா மறித்திருக்கிறாள். கல்யாணத் தேதி குறித்ததும் இவர் கோபித்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடக்கும் என்று நம்பியிருக்கிறார். அத்தை பரணில் கிடந்த பழைய முறையைத் தூக்கிக்கொண்டு வந்து, வாளை அனுப்பிக் காரியத்தை முடித்துவிட்டாள். இவர் திரும்பி வரும்போது வீட்டில் பெண்டாட்டி இருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. தேங்காய் பாதி துருவியிருந்தது. மீதியையும் துருவி முடித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எல்லோருக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். குரல் உயர்த்த மாட்டார். கை ஓங்க மாட்டார். ராத்திரி கடையிலேயே படுத்துக்கொள்வார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அப்படிச் சாப்பிடும்போதுதான் எனக்குப் பிடித்தது சனியன். பேசுவதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. அம்மாவிடம் பேச முடியாது, அக்காவைப் பார்க்கப் பிடிக்காது. ஆகவே இலைக்கு முன்னால் உட்கார்ந்து தன் காதல் துன்பத்தையெல்லாம் என்னிடமே சொல்ல ஆரம்பித்தார். நான் பரிமாறிக்கொண்டே கேட்பேன். ஒரு நாள், இந்த மாதத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளிடம் போய்விடுவேன் என்பார். மறுநாள், அம்மாவுக்குப் பிரஷர், என்னால் அவள் செத்துப்போனால் என்ன ஆவது என்பார். அதற்கு மறுநாள் டீச்சர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாளாம், போனில் அழுதாளாம், இவரும் கடையில் உட்கார்ந்து அழுதாராம். 'இன்னும் கொஞ்சம் கொழம்பு விடட்டா அத்தான்' என்று கேட்பேன்.

தண்ணீர் சுமந்த காலத்தில்கூட எனக்கு அப்படி ஓர் அசதி வந்ததில்லை. குடம் நிறைந்தால் தூக்கலாம், வீடு வந்தால் இறக்கலாம். இது நிறையவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் பெண்டாட்டியா, விருந்தாளியா, சமையல்காரியா என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் போனாலும் சரி, இருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று நடந்தால் போதும். என் வயதென்ன அப்போது? கொடியில் போட்ட சேலை மாதிரி எத்தனை நாள் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருப்பது?

ஆறுதல் என்று ஒன்று இருந்தது, ஆறு. விடிந்ததும் கொல்லைப் படியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன். இத்தனை தண்ணீரையும் யாரும் சுமக்க வேண்டாம், அதுவே போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய ஓய்வாக இருந்தது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. அத்தை கேரியரில் சோறு கட்டிக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பினாள். கடை பூட்டியிருந்தது. லோடு எடுக்கத் தென்காசிக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடை அண்ணாச்சி சொன்னார். கடைப் படியில் ஒரு பெண் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கைப்பையும் குடையும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் என் கழுத்துத் தாலியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சினிமாவில் என்றால் இந்த இடத்தில் இடி இடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து, ஒரு கடையில் ஆளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தோம். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கேரியரைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று கை போய்விட்டது. உள்ளே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண்ணிடம் அதை எப்படி நீட்டுவது? விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது நல்ல அழகி. சிரிப்பு முடிந்ததும் என்னைப் போலவே களைத்துப்போன ஒருத்தி.

வருகிற வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு அவள் காத்திருந்தாள். அவளுடைய அப்பா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். சொல்லிவிட்டுக் கலர் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன், அவர் உங்களிடம் என்ன சொல்கிறார் என்று.

"ஊருக்கு முன்னால தாலி வாங்குன பொண்ண எப்படி விட்டுட்டு வாரதுன்னு கேக்காரு. நீங்க தெனமும் அழுதீங்களாம். நீங்க மட்டும் விட்டா அன்னைக்கே வந்துருவேன்னு சொல்லுதாரு" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. என்னிடம் அம்மாவைக் காரணம் காட்டுகிறார். இவளிடம் என்னைக் காரணம் காட்டுகிறார். நான் எங்கே அழுதேன்? அந்த வீட்டில் மூக்கைக்கூடச் சிந்தியதில்லை. நான் அழவே இல்லை என்று அவளிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றாள் அவள். அவளைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். ஆளுக்கொரு முட்டுக்கட்டை என்று அவர் சொன்னால், முதலில் என் கட்டையை நான் எடுத்துவிடுகிறேன். அப்புறம் அத்தையின் கட்டையை.

அத்தையின் கட்டை என்பது வைகாசிக் கொடை. ஆற்றங்கரை அம்மன் கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை கொடை விழா நடக்கும். அன்றைக்குக் காலையில் ராஜா தலைப்பாகையும் பட்டும் உடுத்தி, கோயில் முன்மண்டபத்தில் பழைய ராஜ நாற்காலியில் உட்காருவார். பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். ஜனங்கள் வரிசையில் வந்து கும்பிட்டுப் போவார்கள். கல்யாணமான வருஷத்துக் கொடையில் பெண்டாட்டியோடு ஜோடியாக உட்கார்ந்தே ஆக வேண்டும். தவறினால் நாற்காலியும் முதல் மரியாதையும் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அந்த வீட்டுப் பெரியவர் வருஷக்கணக்காக அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருப்பது அந்த ஒரு நாள் மரியாதைதான் என்பதால் அத்தை அதை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொடைக்குச் சில நாள் முன்னால், சாப்பாட்டு இலையில் அவரிடம் சொன்னேன். கொடை அன்றைக்கு முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்விடுங்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டீச்சரை வந்து நிற்கச் சொல்லுங்கள். ரிஜிஸ்தர் பண்ணிக்கொள்ளுங்கள். நான் எந்த ஊர்ப் பெரியவரிடமும் போக மாட்டேன், அழவும் மாட்டேன்.

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "அம்மா?" என்றார்.

"அத்தைய நான் பாத்துக்கிடுதேன்."

"நாற்காலியில யாரு இருப்பா?"

"கல்யாணத்துக்கு யாரு வந்து இருந்தாங்களோ, அவங்களே இருப்பாங்க" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. இலையைப் பார்த்துக்கொண்டு, 'நீ என்ன செய்வே' என்று கடைசியாகக் கேட்டார். எனக்கு ஆறு இருக்கிறது என்றேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன், அம்பாசமுத்திரத்தில் எங்கேயாவது வேலை கிடைக்காமலா போய்விடும் என்று மனதுக்குள் இருந்தது. அவர் என் கையைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி எதையோ செய்தார். அன்றைக்குத்தான் அவர் என்னை முதல் தடவை தொட்டது. கையெல்லாம் சோறு.

கொடை அன்றைக்கு விடியும் முன்பே ஒரு தோள்பையோடு கிளம்பிப் போனார். கொல்லை வாசலில் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போனார். நல்லது, இப்படித்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்து அத்தையிடம் சொன்னேன்.

அத்தை கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தாள். கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. அவள் தலை முழுக்க அந்த நாற்காலிதான்.

"காலியா கெடந்தா அந்தப் பங்காளி வீட்டுக்காரன் இன்னைக்கே ஏறி ஒக்காந்துருவாம்லா" என்றாள்.

"காலியா ஏன் கெடக்கணும்? வாள வைங்க அத்தை. கல்யாணத்துக்கு அது வந்தாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க. தாலிக்குப் போதும்னா பரிவட்டத்துக்கும் போதும்" என்றேன்.

அத்தை என்னை நெடுநேரம் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை மாதத்தில் அவள் என்னைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, தன் ஒட்டியாணத்தை எடுத்து வந்து என் இடுப்பில் பூட்டினாள்.

மண்டபத்தில் ராஜ நாற்காலியில் வாளை மாலையோடு சாய்த்து வைத்தார்கள். பக்கத்தில் மர முக்காலியில் நான். கூட்டத்தில் சலசலப்பு. பங்காளி வீட்டுப் பெரியவர் முன்னால் வந்து, ராசா எங்கே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அத்தை தூணுக்குப் பக்கத்தில் நின்றபடி பதில் சொன்னாள். வாள் வந்தால் ராசா வந்த மாதிரிதான், தாலியையே இந்த வாள்தான் கட்டியது, நீங்களும் அந்தப் பந்தலில் சாப்பிட்டீர்களே, அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்றாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பூசாரி இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு பரிவட்டத்தை வாளின் பிடியில் கட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். முதலில் ஒரு கிழவர் தயங்கித் தயங்கி வந்து வாளைக் கும்பிட்டார். அப்புறம் வரிசை தன்பாட்டுக்கு நகர ஆரம்பித்தது.

எனக்கு அப்போது இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! புருஷன் போய்விட்டான், ஊருக்கு நடுவில் ஓர் இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் உடம்பு லேசாகிவிட்டது. இந்நேரம் ஜங்ஷன் போய்ச் சேர்ந்திருப்பார், இந்நேரம் இரண்டு பேரும் ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்காகவும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். ஒன்று முடிந்துவிட்டதல்லவா?

வெயில் ஏறியிருந்தது. கூட்டத்தின் பின்பக்கம் சத்தம் கேட்டது. விலகுங்க, விலகுங்க என்று யாரோ சொன்னார்கள். நடுவில் வழி விட்டார்கள். தலைப்பாகையும் பட்டும் உடுத்திக்கொண்டு அவர் வந்தார். அந்தத் தலைப்பாகையைச் சரியாகக் கட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும். அது கோணாமல் இருந்தது. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று வாளை எடுத்தார். பிடியில் இருந்த பரிவட்டத்தைப் பூசாரி அவிழ்த்து அவர் தலையில் கட்டினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் இருந்த வாளை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, குடையை நீட்டுகிற மாதிரி என்னிடம் நீட்டி, என் மடியில் வைத்தார்.

குலவை காதைப் பிளந்தது. அத்தை தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டாய் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவர் வாயை அதிகம் அசைக்காமல் என்னிடம் சொன்னார்: "மனசு கேக்கல. சேர்மாதேவி வரைக்கும் போயிட்டேன். அங்கன எறங்கி எதுத்த பஸ்ல ஏறிட்டேன்."

சேரன்மகாதேவி பாதித் தூரம். அங்கே பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். டீ குடிக்கலாம்.

"அவ அங்கன நிக்காளே அத்தான்" என்றேன்.

"பைய சொல்லிக்கிடலாம்" என்றார். அடுத்து வந்தவருக்குத் திருநீறு கொடுக்கக் கையை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. அவரைப் பிடித்து வைத்திருந்தது நானும் இல்லை, அத்தையும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் விலகி வழியைத் திறந்துவிட்ட பிறகும் அவர் வந்து சேர்ந்த இடம் அந்த நாற்காலி. வாளின் பித்தளை வளையம் வேனில் அழுத்திய அதே இடத்தில் தொடையில் அழுத்தியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அசதிதான் வந்தது. அந்த இடத்திலேயே கவிழ்ந்து படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

உச்சிப் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் வாளை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒட்டியாணத்தை மட்டும் கழற்றி அத்தையின் பெட்டிமேல் வைத்தேன். கட்டின பட்டுச் சேலையோடு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். கொடைக்கு வந்துவிட்டுப் போகிறவள் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். பஸ் சேரன்மகாதேவியில் நின்றது. முறுக்கு விற்கிறவர்கள் ஜன்னலுக்குக் கீழே வந்தார்கள். நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பிவிட்டது. அது ஒன்றும் அப்படிக் கஷ்டமாக இல்லை.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில், அம்பாசமுத்திரம் பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் அவள் இருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுச் சேலை. தலையில் வைத்த பூ வாடியிருந்தது. காலையிலிருந்து எத்தனை பஸ்ஸை எழுந்து எழுந்து பார்த்திருப்பாளோ. இதற்கும் எழுந்து நின்றாள். படியில் இறங்கியது நான் என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்தாள். ஏன், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"எதுவரைக்கும் வந்தாரு?" என்று அவளே கேட்டாள்.

"சேர்மாதேவி வரைக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்றைக்கும் கருவாடா என்று கேட்டாள். இன்றைக்கு ஒன்றுமே கொண்டுவரவில்லை என்றேன். அம்பாசமுத்திரம் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சாயங்காலப் பூசைக்கு நான் திரும்பியாக வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.